பக்கத்துக் கட்டில்

மாதக் கடைசிக் கூட்டத்தில் முதலாளி தணிகைவேல் அந்தச் செய்தியைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். முனிரத்தினமும் தட்டினார். தட்டாமல் எப்படி இருப்பது? வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இனிமேல் ஆளுக்கொரு ரூம், இரண்டு பேரை ஒரே ரூமில் அடைக்கிற வழக்கம் இன்றோடு சரி என்று ஒரு முதலாளி தன் வாயால் சொல்கிறார். கை தட்டாதவனைப் பைத்தியக்காரன் என்றுதான் நினைப்பார்கள். பிறகு மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். முனிரத்தினம் மிக்சரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

வாலாஜாபாத் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனிக்கு லாரி எடைமேடைகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். ரைஸ் மில், கல் குவாரி, சர்க்கரை ஆலை என்று லாரி போகிற இடமெல்லாம் எடைமேடை இருக்கும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேடையில் நிற்க வேண்டும், மற்றவர் கேபினுக்குள் டிஸ்பிளே முன்னால் உட்கார வேண்டும். இவர் கத்த, அவர் எண்ணைப் பார்த்துப் பதில் கத்துவார். அதனால் ஜோடி ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். ஜோடிக்கு ஒரு லாட்ஜ் ரூம், அதில் இரண்டு கட்டில். முனிரத்தினம் பாதி ஆயுசை இப்படித்தான் கழித்தவர். கம்பெனியில் அவரை விடச் சீனியர் என்று இப்போது யாரும் இல்லை.

மற்றவர்களுக்கு அந்த ஒரே ரூம் பெரிய தொல்லை. ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் ஈரத் துண்டை அடுத்தவன் கட்டில்மேல் போடுவான், ஒருத்தனுக்கு ஏ.சி. வேண்டும், ஒருத்தனுக்கு ஏ.சி. போட்டால் தும்மல். காலையில் பாத்ரூமுக்கு முதலில் யார் போவது என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன ஜோடிகள்கூட உண்டு. முனிரத்தினத்துக்கு மட்டும் அந்த ரூம்தான் வாழ்க்கையில் மிச்சமிருந்த சுகம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் திருப்புலிவனத்தில் அவர் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

வீடு நல்ல வீடுதான். இரண்டு அறை, மாடிப்படி, மோட்டார், எல்லாம் உண்டு. ஆள்தான் இல்லை. மகள் அகிலாவுக்குப் பிரசவம் ஆனபோது மனைவி கோமளவல்லி ஓசூருக்குப் போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பிறந்த குழந்தை இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது. அகிலாவும் வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளையும் போகிறார், குழந்தையை யார் பார்ப்பது? கோமளவல்லி பேரில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வருவாள், கோயில் திருவிழாவுக்கு வருவாள், வரும்போதே திரும்பிப் போக டிக்கெட் போட்டுக்கொண்டு வருவாள். முனிரத்தினம் ஓசூருக்குப் போனால் ஹாலில் சோபாவில்தான் படுக்கை. மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். பகல் முழுக்க வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்று பேசுவார்கள். இரண்டு நாளில் அவரே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை.

உத்திரமேரூரில் பஸ் இறங்கி, பரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், போகும்போது நாற்காலியில் போட்ட சட்டை அப்படியே நாற்காலியில் கிடக்கும். அதை இடம் மாற்றக்கூட ஓர் ஆள் கிடையாது. டி.வி.யைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவார். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள், "இன்னா முனிரத்தினம், வூட்டுக்காரம்மா இன்னும் வரலியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். நாலு வருஷமாக அதே கேள்வி. அவரும் அதே பதிலைச் சொல்வார். "அடுத்த மாசம் வராங்க."

ஆக, இன்னொரு மனுஷன் மூச்சு விடுகிற சத்தத்தில் அவர் தூங்குவது என்றால் அது லாட்ஜில்தான். ஜோடி சேருகிறவன் பார்த்திபன். முப்பது வயது, தாமல் ஊர்க்காரன், கம்ப்யூட்டர் தெரிந்தவன், கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் முனிரத்தினம் கீழே போய் இட்லியும் வடகறியும் பார்சல் வாங்கி வருவார். இருவரும் கட்டில் நடுவில் பேப்பரை விரித்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே மறுநாள் வேலையைப் பேசிவிடுவார்கள், நாளைக்கு நீ உள்ளே, நான் வெளியே, முதலில் எந்த மூலை என்று. காலையில் சேர்ந்து எழுந்து சேர்ந்தே கிளம்புவார்கள். பார்த்திபன் தூக்கத்தில் எண்களை உளறுவான். அந்த உளறலைக் கேட்டால் முனிரத்தினத்துக்கு அப்படி ஒரு நிம்மதி. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறான் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கட்டில்தான் இப்போது போகப்போகிறது. முதலாளியிடம் போய், எனக்குத் தனி ரூம் வேண்டாம் என்று ஐம்பத்து நாலு வயது ஆள் எந்த முகத்தோடு கேட்பது?

மறுநாள் டிக்கெட் வாங்க ஆபீஸ் அறைக்குப் போனபோது கணக்குப் பார்க்கிற சுபாஷ்ரீ சிரித்த முகமாக இருந்தாள். "கள்ளக்குறிச்சிக்கு ரெண்டு ரூம் போட்டுட்டேண்ணா. ஜாலியா காலை நீட்டிக்கினு தூங்கலாம். பார்த்தி அண்ணனுக்குத்தான் நீங்க தாங்க்ஸ் சொல்லணும்."

"அவனுக்கு எதுக்கும்மா?"

"அவர்தான சார்கிட்ட கேட்டாரு. மூணு மாசமா கேட்டுக்கினே இருந்தாரு. அவர் சொல்லலியா உங்ககிட்ட?"

"சொன்னான், சொன்னான்," என்றார் முனிரத்தினம். பார்த்திபன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் அதே கட்டில் நடுவில் உட்கார்ந்து அதே பேப்பரில் இட்லி சாப்பிட்டிருக்கிறான். வடகறி நல்லாயிருக்குண்ணா என்றும் சொல்லியிருக்கிறான். முனிரத்தினத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. நாம் ரொம்பப் பேசுகிறோமோ, குறட்டை விடுகிறோமோ, கிழவன் வாடை அடிக்கிறதோ என்று கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனார். பார்த்திபன் பக்கத்து சீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ரூம். சாவியை வாங்கியதும் பார்த்திபன், "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணா, காலைல பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். முனிரத்தினம் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு இட்லி வாங்கி வந்துவிட்டார். கதவைத் தட்டலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டு, ஒரு பொட்டலத்தைத் தின்றார். இன்னொன்று மேசைமேல் இருந்தது.

சுவர் மெல்லிசு. பார்த்திபன் பெண்டாட்டியிடம் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை, சிரிப்பது மட்டும் தெரிந்தது. முனிரத்தினம் ஆச்சரியப்பட்டார். இத்தனை நாள் பக்கத்தில் படுத்தவன் இப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. பெண்டாட்டி வளர்மதி போன் செய்தால், "ரூம்ல சிக்னல் இல்லண்ணா," என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுவான். மழை பெய்தாலும் போவான். போய் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவான். இத்தனை ஊரில் இத்தனை லாட்ஜில் சிக்னல் இல்லாமலா போகும் என்று இவருக்கு ஒருநாளாவது தோன்றியதா? தோன்றவில்லை. அவன் பாவம் என்று செல்போன் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறார். பெண்டாட்டியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேச ஓர் இடம் இல்லாமல் அந்தப் பையன் இரண்டு வருஷம் மாடிப்படியில் நின்றிருக்கிறான், குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தது நாம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது. டி.வி.யைப் போட்டுப் பார்த்தார். தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக எழுந்து குளித்துவிட்டு ரைஸ் மில்லுக்கு நடந்தே போய்விட்டார். அந்த ரூமில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவோம் என்று பயம். முந்தின நாள் மழை. எடைமேடையைச் சுற்றியிருந்த சந்தில் சேறும் ஜல்லியும் அடைத்திருந்தன. ஜல்லி சிக்கினால் மேடை தாராளமாக அசையாது, எடை தப்பும். அவர் மேடையின் அந்தக் கோடியில் குந்திக்கொண்டு ஸ்குரு டிரைவரால் ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். கேபின் ஜன்னலை ஒட்டி நெல் மூட்டை அடுக்கியிருந்ததால் உள்ளேயிருந்து பார்த்தால் குந்தியிருக்கிற ஆள் தெரியமாட்டார்.

பார்த்திபன் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தான். லாட்ஜில் அவர் கதவை ஒருமுறை தட்டியிருக்கிறான். சத்தம் இல்லை. அண்ணன் முதல்முறையாகத் தனி ரூமில் நன்றாகத் தூங்குகிறார், தூங்கட்டும், நாம் ஆரம்பித்து வைப்போம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டான். பின்பக்கமாகக் கேபினுக்குள் போய் உட்கார்ந்தான். மேடையில் லாரி இல்லை, டிஸ்பிளே அறுபது கிலோ காட்டியது. மழை பெய்தால் சேறு சேர்ந்து இப்படிக் காட்டுவது வழக்கம்தான். அப்படிக் காட்டினால் ஜீரோ பட்டனை அழுத்துவார்கள், மேடைமேல் இருக்கிற கனமெல்லாம் ஒன்றுமில்லை என்று கணக்காகிவிடும். அழுத்துமுன் "மேட காலியா?" என்று கத்த வேண்டும் என்பது இருவருக்கும் இடையில் சட்டம். தூங்குகிறவரிடம் யார் கத்துவார்கள்? பார்த்திபன் அழுத்திவிட்டான்.

அப்போது பார்த்து ஒரு நெல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. முனிரத்தினம் வழிவிட்டு இறங்கி, மில்லுக்குப் பின்னால் இருந்த குழாயில் கைகழுவப் போனார். அவர் இறங்க, லாரி ஏற, இரண்டும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு லாரி ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றையும் எடை போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது லாரியின் நெல் வியாபாரி வெளியில் ஏற்கெனவே எடை போட்டுச் சீட்டோடு வந்தவர். அவர் சீட்டை ஆட்டிக்கொண்டு கேபினுக்கு வந்தார். "அறுவது கிலோ எங்கய்யா போச்சு? மில்லுக்காரரு புதுசா இப்டி ஆரம்பிச்சிக்கீறாரா?"

மில்காரருக்கு அது போதாதா? முகம் சிவந்து ஓடி வந்தார். லாரி இறங்கியதும் காலி மேடைக்கு டிஸ்பிளே மைனஸ் அறுபது என்று காட்டியது. மில்காரர், பார்த்திபன், கைகழுவிவிட்டு வந்த முனிரத்தினம் என்று எல்லாரும் அதைப் பார்த்தார்கள். முனிரத்தினத்துக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. எத்தனையோ மேடையில் ஏறி நின்றவர், தன் எடை அறுபது என்று அவருக்குத் தெரியாதா? தான் மேலே இருக்கும்போதே தன்னை ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு டிஸ்பிளேயைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"நீங்க... நீங்க மேல இருந்தீங்களாண்ணா?" என்றான் பார்த்திபன்.

"ஓரத்துல கல்லு எடுத்துக்கினு இருந்தேன்பா."

"ரூம்ல தூங்கறீங்கன்னு நெனச்சேண்ணா."

மூன்று லாரியையும் திருப்பி வரவழைத்து மறுபடி எடை போட்டார்கள். வியாபாரிக்குச் சமாதானம் சொன்னார்கள். மில்காரருக்கு மனசு ஆறவில்லை, தன்னைத் திருடன் என்று நாலு பேர் எதிரில் சொல்ல வைத்துவிட்டார்கள் என்று முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் முதலாளி முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். பார்த்திபன் கேபின் வாசலில் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தணிகைவேலுக்குக் கணீரென்ற குரல். போனில் பேசினால் பத்தடிக்குக் கேட்கும்.

"இன்னா முனிரத்தினம் இது? நீ இருந்துமா இப்படி?"

"தப்பு என்னுது சார். வந்ததை அவன்கிட்ட சொல்லாம மேல ஏறிட்டேன்."

"உன்னுதோ அவனுதோ, அது இருக்கட்டும். முன்னெல்லாம் இந்த மாதிரி ஆனதே இல்லயே. ஒரே ரூம்ல இருந்தீங்க, பேசி வெச்சிக்கினு ஒண்ணாப் போனீங்க. இப்ப தனித்தனியா ரூம் குடுத்த மொத நாளே மானம் போவுது. நான் யோசிக்கறேன், பழையபடி ஜோடிக்கு ஒரே ரூம்னு வெச்சிடலாமா? நீதான் சீனியர். நீ சொல்றதுதான். வெச்சிடலாமா, சொல்லு."

முனிரத்தினம் வாயைத் திறந்தார். ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை. அவராகப் போய்க் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். இன்று ராத்திரியே பக்கத்துக் கட்டிலில் ஆள் இருப்பான். எண்களை உளறுவான். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, வேலைக்கு நல்லது என்றுதானே சொல்லப்போகிறார்? அவர் பார்த்திபனைப் பார்த்தார். அவன் இவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி மாடிப்படிக்குப் போகத் தயாரானவன் போல நின்றான். முந்தின நாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது.

"வேணாம் சார்," என்றார். "தனியாவே இருக்கட்டும். காலைல ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிட்டு வந்தா சரியாப்பூடும். இது என் கவனக்குறைவு. ரூம்ல ஒண்ணும் இல்ல."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான் சார். இந்த வயசுல ஒண்டியா காலை நீட்டிப் படுத்தாத்தான் தூக்கம் வருது."

இந்தப் பொய்யை எப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. முதலாளி, "சரி, உன் இஷ்டம்," என்று வைத்துவிட்டார். சாயங்காலம்வரை வேலை செய்தார்கள். நாலு மூலையிலும் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார்கள், எண் சரியாக வந்தது. "மேட காலியா?" என்று பார்த்திபன் ஒவ்வொரு தடவையும் மில் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

லாட்ஜ் மாடி ஏறும்போது பார்த்திபன் நின்றான். "ண்ணா, நான்தான் சார்கிட்ட தனி ரூம் கேட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல."

"அதனால இன்னாபா."

"நீங்க கோச்சிக்குவீங்களோன்னு பயந்துகினே இருந்தேன். உங்களுக்கும் இதுதான் சௌகரியம்னு நீங்க சார்கிட்ட சொன்னப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. என் தொந்தரவு இல்லாம நீங்களும் நிம்மதியா தூங்குவீங்க இல்ல?"

"ஆமாபா. போ, வளர்மதி போன் பண்ணப் போவுது."

பார்த்திபன் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். நல்ல பையன். கேட்டதை அப்படியே நம்பிவிட்டான். முனிரத்தினம் தன் ரூமுக்குள் போய் லைட்டைப் போட்டார், பேனைப் போட்டார், சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கட்டிலில் உட்கார்ந்தார். இனி எந்த ஊருக்குப் போனாலும் திருப்புலிவனத்து வீடுதான் என்று தோன்றியது. ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஓசூருக்குக் கூப்பிட்டார்.

"இன்னாங்க, இந்நேரத்துல?" என்றாள் கோமளவல்லி. "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"வேற இன்னா?"

நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் ஒரு எடைமேடைக்கும் ரூமுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்பாள். அந்தச் சம்பந்தத்தைச் சொல்லப் போனால் நாலு வருஷத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"கோமளா, போனைக் கட் பண்ணாத. அப்டியே எங்கனா வெச்சிட்டு உன் வேலையப் பாரு. நான் ஒண்ணும் பேசல."

"பேசாததுக்கு எதுக்குங்க போனு?"

"சும்மா. சத்தம் கேட்டுக்கினு இருக்கறேன்."

"பேஜாருங்க உங்களோட," என்றாள். ஆனால் கட் செய்யவில்லை. போனைச் சமையல் மேடையில் எங்கேயோ வைத்தாள் போலிருக்கிறது, டக்கென்று ஒரு சத்தம் வந்தது. முனிரத்தினம் விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தலையணையில் காதோரம் வைத்துக்கொண்டு படுத்தார். தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது. குழந்தை எதற்கோ அடம் பிடித்தது, கோமளவல்லி அதட்டினாள், பிறகு கொஞ்சினாள். பாத்திரம் உருண்டது. ஒரு வீட்டுக்குள் படுத்திருக்கிற மாதிரிதான் இருந்தது. அவருக்குக் கண் அசந்தது.

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அகிலா உள்ளே வந்தாள்.

"யாரும்மா லைன்ல? போன் ஓடிக்கினே கீது."

"யாரும் இல்லடி," என்றாள் கோமளவல்லி. "உங்கப்பாதான்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த தோசையை ஊற்றினாள். கல்லில் மாவு இழுபடுவது இங்கே கேட்டது. முனிரத்தினம் போனை வைக்கவில்லை.